நாரை அனுப்ப வேண்டாம்

புக்கிட் லங்சாட் தோட்டம்,
நீலாய்.
2603-ஆம் வருஷம் ஜூலை 10, சனிக்கிழமை.
(நம் கணக்கில் 1943. மேலே உள்ளபடிதான் எழுத வேண்டும் என்று உத்தரவு.)

மரியாதைக்குரிய மைத்துனர் தங்கராஜு அவர்கள் சமூகத்துக்கு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவக்கொழுந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், உங்கள் தங்கை மயிலம்மாளும், உங்கள் மருமகன் திருநாவுக்கரசும் நிப்பான் சர்க்காரின் கருணையால் சுகம். கடலோரச் சுவா தோட்டத்தில் நீங்களும் அதே கருணையால் சுகமாகவே இருப்பீர்கள். வேறு மாதிரி இருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

முக்கியமான சமாச்சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் எழுதிய கடிதத்தில், உங்கள் பக்கத்துக் கடலோரச் சேற்றில் திரியும் பெரிய நாரை ஒன்றை எப்பாடுபட்டாவது பிடித்து அனுப்பும்படி உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டிருந்தேன் அல்லவா? அனுப்ப வேண்டாம். பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்க ஆள் அனுப்பியிருந்தால் ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள். இந்தக் கடிதத்தை அஞ்சலில் போடாமல் உப்பு வண்டிக்கார முனியாண்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் இன்று வர வேண்டியவன், இன்னும் வரவில்லை. இதை எழுதுவதற்குள் நாலு தரம் எழுந்து போய் ரோட்டைப் பார்த்துவிட்டேன்.

ஏன் கேட்டேன், ஏன் வேண்டாம் என்கிறேன் என்று நீங்கள் குழம்புவீர்கள். எங்கள் புது துரை தனாபே என்பவர் ஜப்பானின் வடகோடியில் குஷிரோ என்ற துறைமுகப் பட்டணத்துக்காரர். நல்ல மனிதர்தான். குனிந்து வணங்கத் தாமதித்தால் கன்னத்தில் அறைவார். அறைந்த கையாலேயே பையிலிருந்து படத் தபால் அட்டைகளை எடுத்து, "பார் கிராணி, எங்கள் ஊர்" என்று காட்டுவார். கன்னம் எரிய எரிய நானும் பார்ப்பேன். ஒன்றில் ஆற்றின்மேல் பெரிய பாலம், ஒன்றில் கப்பல்கள், ஒன்றில் கலங்கரை விளக்கம், ஒன்றில் ஏரி, அதன் அடியில் பச்சைப் பச்சையாகப் பாசிப் பந்துகள். மீதி எல்லாவற்றிலும் சதுப்பு. கண்ணுக்கு எட்டியவரை நாணலும் தண்ணீரும். இதைப் பார்க்கச் சனங்கள் சோறு கட்டிக்கொண்டு ரயிலேறிப் போவார்களாம். வந்த இரண்டாம் வாரம் அவர் நம் ஏழாம் நம்பர் மலைக்குப் பின்னால் இருக்கும் பாயா என்ற சதுப்பைப் பார்த்தார். மாடு இறங்கினால் கயிறு கட்டி இழுக்க வேண்டிய சேறு அது. அதன் கரையில் அரைமணி நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கிராணி, இது குஷிரோ" என்றார். நானும் "ஆமாம் துரை, அதேதான்" என்று சொல்லித் தொலைத்தேன். வினை அங்கே பிடித்தது.

அந்தப் பாயாவைப் பார்க்கத்தக்க இடமாக ஆக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதே வாரம்தான் மேலிடத்திலிருந்து சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் கேட்டு இரண்டாவது பட்டியலும் வந்தது. முதல் லாரியில் சித்திரை மாதம் போன வீரமுத்துவிடமிருந்து இன்றுவரை ஒரு வரி இல்லை. மூன்று மாத வேலை, சம்பளத்தோடு திரும்பலாம் என்றார்கள். அவன் பெண்சாதி பஞ்சாலை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரும்போதெல்லாம், "ஐயா, கடுதாசி?" என்று கேட்பாள். எனக்குப் பேரேட்டைப் புரட்டத்தான் தெரிகிறது. இரண்டாவது பட்டியலில் ஏழாவது பேர் திருநாவுக்கரசு, வயது இருபது. மச்சான், நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் துரையிடம் போய், "குஷிரோ வேலைக்கு ஆள் வேண்டுமே" என்றேன். "வேண்டும்" என்றார். நாலு பேர் கேட்டார். நான் நாற்பத்திரண்டு பேர் எழுதினேன். வேலை முடியும்வரை இவர்களை அனுப்ப இயலாது என்று மேலிடத்துக்கு அவரே கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து நான் படும் பாட்டைக் கேளுங்கள். வேலை முடிந்தால் லாரி. ஆகவே முடியக்கூடாது. முடியாமலிருக்க வாரம் ஒரு புதுக் காட்சியை நானே யோசித்துச் சொல்ல வேண்டும். தபால் அட்டைகளைப் புரட்டிப் புரட்டி எனக்குக் குஷிரோ மனப்பாடம் ஆகிவிட்டது. நான் பிறந்த ஊரில் இத்தனை சந்து எனக்குத் தெரியாது. முதலில் ரப்பர் மரப் பலகை அடித்து நடைபாதை போட்டோம். பிறகு தென்னங்கட்டையில் கோபுரம் கட்டினோம். துரை ஏறிய அன்று கோபுரமும் துரையும் சேர்ந்து சாய்ந்ததில் இன்னொரு மூன்று வார வேலை கிடைத்தது, ஆண்டவன் கருணை. பாசிப் பந்து வேண்டும் என்றார். தேங்காய் மட்டையை உருட்டிப் பாசி சுற்றி நூற்றைம்பது பந்து செய்து தண்ணீரில் விட்டோம். பாதியை வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் சட்டி தேய்க்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து மூடுபனி. குஷிரோவில் கோடையெல்லாம் கடலிலிருந்து பனி வந்து ஊரையே மூடுமாம். நான்தான் வாய் சும்மா இராமல், ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகையிலிருந்து தகரக் குழாய் வைத்துப் புகையைப் பாயாவுக்குத் திருப்பலாம் என்றேன். பச்சை விறகைப் போட்டு மூட்டியதில் பனி என்னவோ பிரமாதமாக வந்தது. காற்று திரும்பி லயம் முழுக்க இருமல். எதிரி விமானத்துக்கு யாரோ அடையாளம் காட்டுகிறார்கள் என்று நீலாய் ரோட்டிலிருந்து ஒரு லாரி சோல்ஜர்கள் துப்பாக்கியோடு வந்து இறங்கினார்கள். துரை கண்ணில் நீர் வழிய, "எங்கள் ஊர்ப் பனி" என்று அவர்களுக்கு விளக்கினார். அது புகையால் வந்த நீரா, வேறு நீரா, எனக்குத் தெரியாது.

இதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா. தோட்டத்துச் சனம் முழுவதும், வாரமெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று மரம் வெட்டிய களைப்போடு, வரிசையில் நின்று சதுப்பை ரசிக்க வேண்டும். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி கையில் பிரம்போடு பின்னால் நின்று யார் ரசிக்கவில்லை என்று குறித்துக்கொள்வான். "நல்லா கண்ணத் தொறந்து பாருலா! ஒனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்று போன வாரம் பஞ்சாலையை அதட்டினான். அவள், "எதப் பாக்கச் சொல்றீங்க மண்டோரே? சேத்துல அட்டதான் இருக்கு. அது என்னப் பாக்குது, நான் அதப் பாக்கறேன்" என்றாள். நல்லவேளை, துரை அதைப் புகழ்ச்சி என்று நினைத்துத் தலையாட்டினார்.

சற்று இருங்கள், வண்டிச் சத்தம்.

இல்லை. ஆடு.

இனி நாரை விஷயம். குஷிரோ சதுப்பில் ஒரு வெள்ளை நாரை உண்டாம். வால்பக்கம் கறுப்பு, உச்சந்தலையில் சிவப்பு. ஆயிரம் வருஷம் வாழும் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். ஒரு காலத்தில் அந்தப் பறவை பூண்டோடு அற்றுப்போயிற்று என்று எல்லாரும் தலைமுழுகிவிட்டார்களாம். துரை சிறுவனாக இருந்தபோது, அந்தச் சதுப்புக்குள் பத்துப் பதினைந்து மட்டும் மிஞ்சி ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நான் பாயாவில் இடுப்பளவு சேற்றில் நின்ற நம் பையனைப் பார்த்தேன். "நாரை இல்லாமல் குஷிரோ இல்லை, கிராணி" என்றார் துரை. நாரை கிடைத்தால் மனிதர் மகிழ்ந்துபோய்த் திருநாவின் பேரை அடியோடு அடித்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அந்த அவசரத்தில்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். சன்னாசியும் நல்ல பேர் வாங்க ஒரு கொக்கைப் பிடித்து, மாரியம்மன் கோயில் குங்குமத்தைத் தலையில் அப்பி, வாலுக்குக் கரி பூசிக் கொண்டுவந்தான். துரை அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். மழை பிடித்தது. குங்குமம் கரைந்து, கொக்கு மண்டை உடைந்ததுபோல் நின்றது. சன்னாசிக்கு இரண்டு கன்னத்திலும் விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆனால் மச்சான், முந்தாநாள் துரை என்னை உட்காரவைத்து மாத அறிக்கையை டைப் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் விரலாலேயே அடித்தேன்: "நாரை வந்து சேர்ந்ததும் வேலை பூர்த்தி. திறப்பு விழா நடக்கும். அதன்பின் நாற்பத்திரண்டு பேரும் சயாமுக்கு அனுப்பத் தயார்." அவர் முகத்தில் கோபமோ கள்ளமோ ஒன்றுமில்லை. முடிந்த வேலைக்கு ஆள் எதற்கு என்ற நேர்மைதான். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை விட்டேன். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஆகையால்தான் சொல்கிறேன், நாரை வரக்கூடாது. இது நான் கேட்ட நாரை, நானே வேண்டாம் என்கிறேன், என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. நீங்கள் ஒரு காரியத்தை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டீர்கள் என்பது பிறந்ததிலிருந்து உங்கள் தங்கை சொல்லும் புகழுரை. இந்த ஒரு முறை தயவுசெய்து சோம்பேறியாக இருங்கள். மயிலம்மாளுக்கு இதெல்லாம் இன்னும் சொல்லவில்லை. பையன் சதுப்பில் வேலை செய்கிறான், பத்திரம் என்று நினைத்து மாரியம்மனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள். ஊரே நத்தையும் உடும்பும் தின்கிற இந்தப் பஞ்சத்திலும் அவள் சைவம் கலையவில்லை. போன மாதம் யாரோ வாசலில் போட்ட முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டு வீட்டை இரண்டு தரம் கழுவினாள். சுவாவுக்குப் போனபின் உங்கள் சைவம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், கிழங்காவது வயிறாரத் தின்று, எந்தப் பட்டியலிலும் பேர் இல்லாமல் நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
சிவக்கொழுந்து.

பி.கு. ஞாயிறு காலை. நேற்று மாலை முனியாண்டி வந்தான். வண்டியில் உப்பு மூட்டைக்கு நடுவே கூடையில் நாரை. என் மார்பு உயரம். வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை நுனி, சிவந்த முகம். தபால் அட்டையிலிருந்து எழுந்து வந்ததுபோல் நின்று, பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தது. பறக்கவிட்டுவிடலாம் என்று கூடையைத் திறந்தால், தப்பிப் போகாதிருக்க இறக்கையைக் கத்தரித்து அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் முன்யோசனையைப் பற்றி வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன். வண்டியைக் கண்ட சன்னாசி துரையிடம் சொல்ல ஓடுவதும் தெரிந்தது. துரை நீலாய்க்குப் போயிருந்ததால் இருட்டும்வரை அவகாசம் இருந்தது. உங்கள் தங்கை வெளியே வந்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நாரையைப் பார்த்தாள். "இது இங்க நின்னா புள்ள போயிருவானா?" என்றாள். "போய்விடுவான்" என்றேன். "அப்ப அந்த அருவாமனைய எடுங்க" என்றாள்.

ஆயிரம் வருஷம் வாழும் என்று துரை சொன்ன பறவை வேக ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடித்தது. கால்கள் சட்டியில் அடங்காமல், அவற்றை மட்டும் வாழைக்கு அடியில் புதைத்தேன். இறகையெல்லாம் தலையணைக்குள் திணித்தாள். உப்புச் சரியா என்று யார் பார்ப்பது? நான் கரண்டியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவளே ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் போடணும்" என்றாள். நாற்பத்தைந்து வயதில், மச்சான், உங்கள் வீட்டுப் பெண். நான் கொல்லைக்குப் போய் நின்று அழுதேன். அதற்குள் துரை வந்துவிட்டார், பின்னால் சன்னாசி. "வண்டியில் என்ன வந்தது?" "கோழி, துரை." "பெரிய கோழி," என்றான் சன்னாசி. "சுவாக் கோழி," என்றாள் மயிலம்மாள். துரை உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் அந்தத் தலையணையிலேயே சாய்ந்து, நாரை எப்போது வரும் என்று கேட்டார். "அபூர்வமான பறவை துரை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். பெருமூச்சு விட்டு, அதுவரை சும்மா இருப்பானேன், கலங்கரை விளக்கம் கட்டலாம் என்றார். நாளை முதல் திருநாவு குழி தோண்டுகிறான். மெதுவாகத் தோண்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிடவும். கோழியின் ருசியில் மயங்கிய துரை, அடுத்த ஞாயிறு மேலதிகாரிகளை நம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துவிட்டார். இன்னும் நாலு நாரை உடனே வேண்டும். உயிரோடு வேண்டாம். கால்களை நீங்களே வெட்டிவிடுங்கள்.