டாக்டர் நாற்காலியில் பேய்

சுகாதார நிலைய வாசலில் அன்று நிற்க இடமில்லை. மருந்துக்கு வந்த கூட்டமில்லை, மந்திரத்துக்கு வந்த கூட்டம். மூன்று வருடத்தில் ஐந்து டாக்டர்கள் எங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். காரணத்தை முடிச்சுச் சாமியார் கண்டுபிடித்துவிட்டார்: டாக்டர் நாற்காலியில் பேய் உட்கார்ந்திருக்கிறதாம்! கயிற்றில் ஏழு முடிச்சுப் போட்டால் பேய் ஓடிவிடும், டாக்டர் தங்கிவிடுவார். வீட்டுக்கு வீடு வசூல் செய்து தட்டில் வைத்திருந்தோம். நானும்தான் கொடுத்தேன். எனக்கு மட்டும் மூளை தனியாகவா இருக்கிறது?

ஆறாவதாக வந்த டாக்டரம்மாவும் மூன்றே வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டார். மாலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். எங்கள் நிலையத்து நர்ஸம்மாவின் தங்கைக்கு நிறைமாதம். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், பிழைத்ததே பெரிய விஷயம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு மணி நேரம் போகவேண்டும்.

நர்ஸம்மா சாமியாரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அரைமணி நேரம் உபசாரம் நடந்தது. பிறகு, இங்கிருந்தே பேய் தெரிகிறதா என்று பணிவாகக் கேட்டார். சாமியார் உடம்பை ஓர் உலுக்கு உலுக்கி, டாக்டர் அறைக்குள் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"அதோ, கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கு. கிட்ட யாரும் போகாதீங்க."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சாமி. அந்த நாற்காலிதானா?"

"என் கண்ணு பொய் சொல்லாது."

"கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நர்ஸம்மா கவிழ்த்தார். அடியில் வெள்ளைப் பெயிண்டில் 'டாக்டர் அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே கிடந்தது ஊசி போடும் அறை நாற்காலி. காலையிலேயே மாற்றிப் போட்டுவிட்டாராம்.

"இவ்வளவு நேரமா பேய் மடியிலதான் உக்காந்திருந்தீங்க. ஒண்ணும் தெரியலையா?"

சாமியார் தட்டை மறந்து செருப்பைத் தேடினார்.

சிரித்து முடிப்பதற்குள் நர்ஸம்மா எங்கள் பக்கம் திரும்பினார். கையில் ஐந்து டாக்டர்கள் போகும்போது எழுதிய கடிதங்கள். ஐந்திலும் ஒரே சங்கதி: டாக்டர் குடியிருப்புக் குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் பழுது, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நர்ஸம்மாவும் எத்தனையோ தடவை சொன்னார். தண்ணிக்காக யாராவது வேலையை விடுவார்களா என்று கேலி பேசியவர்கள் நாங்கள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டியோடு நின்ற டாக்டரம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "தண்ணி வந்தா இருக்கேன்."

தட்டுப் பணம் மோட்டாருக்குப் போனது. பத்தாம் நாள் நர்ஸம்மாவின் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம், சேயும் நலம்.

பேய்க்குப் பயந்த மகாஜனங்களே, மூன்று வருடத்தில் அந்தக் குழாயை ஒருநாள் திறந்து பார்க்கவா உங்களுக்குக் கை வரவில்லை?