எதிர் ஃப்ளாட் பொண்ணுக்கு நான் வாங்கிக் கொடுத்த இன்டர்ன்ஷிப்

போன ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, எதிர் ஃப்ளாட் பொண்ணுக்காக ஒரு மெயில் அனுப்பறது.

நாங்க இருக்கறது திருவான்மியூர்ல. எதிர் ஃப்ளாட்ல ரெஹானா அக்கா. அவங்க வீட்டுக்காரர் தி.நகர்ல பட்டன், லேஸ் கடை வச்சிருக்கார். ஒரே பொண்ணு நிலோஃபர், அப்பதான் ப்ளஸ் ஒன் முடிச்சிருந்தா.

"தம்பி, லீவுல ரிசர்ச் இன்டர்ன்ஷிப்னு ஒண்ணு இருக்காமே. காலேஜ் லேபுக்குப் போய் வேலை கத்துக்கறதாம். புள்ளை ரொம்ப ஆசைப்படுது. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்"னாங்க அக்கா.

"நானா?"

"நீங்க சயின்டிஸ்ட் ஆச்சே."

விஷயம் என்னன்னா, பெருங்குடில எங்க ஆபீஸ்ல எனக்கு டேட்டா சயின்டிஸ்ட்னு பேர் போட்டு வச்சிருக்காங்க. நான் பாக்கற வேலை, மத்தவங்க அனுப்பற எக்ஸெல் ஷீட்டுக்குக் கலர் அடிச்சு மேனேஜருக்குத் தள்ளி விடறது. இத அக்காகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா வருஷம் தவறாம பிரியாணி கொடுத்தனுப்பற வீடு. சொல்ல மனசு வரல.

"பாத்துக்கலாம்க்கா"ன்னேன்.

ஹால்லேர்ந்து என் மனைவி சுதா என்னை ஒரு பார்வை பாத்தா.

மத்தியானம் நிலோஃபர் வந்தா. கைல அவளே டைப் பண்ணின லெட்டர்.

"அங்கிள், இது கிடைக்கலன்னா லீவு முழுக்க அத்தா கடைல பட்டன் பிரிக்கணும். போன வருஷமும் அதான் பண்ணேன். எல்லாமே வெள்ளை பட்டன். ஆனா வெள்ளைலயே நிறைய வெள்ளை இருக்கு அங்கிள்."

பாவமா இருந்தது. லெட்டரை வாங்கிப் பாத்தேன். நாலஞ்சு வரிதான். நம்ம பீச்ல நண்டுக் குழிகளைக் கொஞ்ச நாளா கவனிச்சுட்டு வரேன், எனக்கு சில கேள்விகள் இருக்கு, உங்க லேபுல வந்து கத்துக்கலாமா. அவ்வளவுதான்.

நான் சிரிச்சேன். "நண்டெல்லாம் வேணாம்மா. ப்ரொஃபசருங்க பெரிய ஆளுங்க. கொஞ்சம் கெத்தா எழுதணும்."

கெத்தா எழுதினேன். இங்கிலீஷ்ல, எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தை எல்லாம் போட்டு. சின்ன வயசுலேர்ந்து நெஞ்சுக்குள்ள அறிவியல் தாகம் அணையாம எரியுதுன்னு எழுதினேன். தாகம் எரியுமான்னு அப்போ யோசிக்கல. கடைசில, இந்த உலகத்துலயே நான் வியந்து பாக்கற ஒரே ஆராய்ச்சியாளர் நீங்கதான்னு முடிச்சேன்.

படிச்சுக் காட்டினேன், நிலோஃபர் முழிக்கறா. "அங்கிள், எனக்கு அவங்க யாருன்னே தெரியாதே."

"தெரிஞ்சுக்கத்தானம்மா போற."

அவளோட மெயில் ஐடில பாண்டா கரடி, நட்சத்திரம்னு என்னென்னவோ இருந்தது. அதனால என் ஐடிலேர்ந்தே அனுப்பறதுன்னு முடிவு பண்ணேன். காலேஜ் காலேஜா வெப்சைட்ல பூந்து அட்ரஸ் எடுத்தேன். கடல் உயிரியல், இயற்பியல், கணக்கு, பொருளாதாரம், எதையும் விடல. எல்லா அட்ரஸையும் ஒரே மெயில்ல, பெறுநர்ங்கற கட்டத்துல வரிசையா போட்டு, அனுப்பிட்டு, காப்பி குடிக்கப் போனேன்.

காப்பி முடியறதுக்குள்ள முதல் பதில் வந்துடுச்சு. இயற்பியல் ப்ரொஃபசர், எல்லாருக்குமே அனுப்பியிருந்தார்.

"நம்ம அனைவருக்கும் வாழ்த்துகள். ஒரே நேரத்துல நாம எல்லாரும் உலகத்தோட ஒரே ஆராய்ச்சியாளர் ஆயிட்டோம்."

அடுத்து பொருளாதாரம். "என் பேர் கடைசில இருக்கே, இது தரவரிசையா?"

அப்புறம் ஒருத்தர், என்னை இந்த மெயில்லேர்ந்து எடுத்துடுங்கன்னு எல்லாருக்கும் எழுதினார். அதுக்கு இன்னொருத்தர், என்னையும்னு எல்லாருக்கும் எழுதினார். அதுக்கு மூணாவது ஆள், தயவுசெஞ்சு எல்லாருக்கும் பதில் போடாதீங்கன்னு எல்லாருக்கும் பதில் போட்டார்.

சுதா பின்னாடி நின்னு படிச்சுட்டே இருந்தா. "இதுக்குப் பேர்தான் டேட்டா சயின்ஸா?"ன்னா.

சாயங்காலம் நிலோஃபர் வாசல்ல வந்து நின்னா. "பதில் வந்துதா அங்கிள்?"

"நிறைய வந்திருக்கும்மா"ன்னேன். பொய் இல்லையே.

அவ முகத்துல அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஒரு அதிசயம். அடையாறு பக்கம் ஒரு காலேஜ்ல கடல் உயிரியல் சொல்லிக் கொடுக்கற ஒரு மேடம், எனக்கு மட்டும் தனியா எழுதியிருந்தாங்க. "ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு விண்ணப்பத்தைப் படிச்சு வாய்விட்டுச் சிரிச்சேன். லேபுல ஒரு இடம் இருக்கு. சனிக்கிழமை காலைல நேர்ல வாங்க."

சனிக்கிழமை நானும் நிலோஃபரும் ஆட்டோல போய் இறங்கினோம். கேட்ல செக்யூரிட்டி நிறுத்தினார்.

"இன்னா சார், பாப்பாக்கு அட்மிஷனா? இன்னும் தொறக்கல."

"இல்லங்க, ரிசர்ச். கடல் உயிரியல் மேடத்தைப் பாக்கணும்."

"அப்டினா மாடிக்குப் போ. எங்க நாத்தம் தாங்க முடியலையோ அங்க நில்லு. அதான் லேப்பு."

வழி கரெக்டாதான் சொன்னார்.

மேடத்துக்கு ஐம்பது வயசு இருக்கும். என்னைப் பாத்ததும் "பாஸ்கர்தானே?"ன்னாங்க.

"ஆமா மேடம்."

"உக்காருங்க. பொண்ணையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்லது. பாப்பா, நீ அந்த ஸ்டூல்ல உக்காரும்மா."

மேடம் என் லெட்டரை பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாங்க. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "சொல்லுங்க, இந்தத் தாகம் உங்களுக்கு எப்பலேர்ந்து எரியுது?"ன்னாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சது. மெயில் என் ஐடி. உள்ள முழுக்க நான், நான்னு எழுதியிருக்கு. அடில தானா வந்து உக்காந்திருக்கறது என் பேர். எழுதின வேகத்துல நிலோஃபர் பேரை எங்கேயுமே போடல.

"மேடம், அது நான் இல்ல..."

"கூச்சப்படாதீங்க. நாப்பதுக்கு மேல ஆர்வம் வர்றது தப்பில்ல. எங்க அண்ணன் ரிட்டயர் ஆனப்புறம் வீணை கத்துக்கறார். வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்."

நான் மறுபடி வாயைத் திறக்கறதுக்குள்ள, ஒரு ட்ரேயை எடுத்து என் முன்னாடி வச்சாங்க. கொஞ்சம் மணல், கொஞ்சம் தண்ணி, நாலஞ்சு சங்கு.

"இதுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

இந்த இடத்துல ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லி எழுந்திருப்பான். நான், கேள்வி சுலபமா இருக்கேன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சேன்.

"காலி சங்கு மேடம். உள்ள ஒண்ணும் கிடையாது"ன்னு ஒண்ணைக் கைல எடுத்துக் காட்டினேன்.

உள்ள இருந்தது என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சுக்கிச்சு.

நான் கத்தினது கேட் வரைக்கும் கேட்டதாம். கையை உதறினேன், விடல. இன்னொரு கையால இழுத்தேன், இன்னும் இறுக்கிப் பிடிச்சுது.

"அங்கிள், இழுக்காதீங்க. அது ஹெர்மிட் கிராப், காலி சங்குல குடியிருக்கற நண்டு. அதுக்கு பயம். கையை அப்படியே தண்ணில வைங்க, தானா விட்டுடும்"னா நிலோஃபர்.

எனக்கும்தான் பயம். ஆனா வச்சேன். விட்டுடுச்சு.

மேடம் மெதுவா நாற்காலியை அவ பக்கம் திருப்பினாங்க. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவ்வளவுதான், நிலோஃபர் ஆரம்பிச்சுட்டா. பீச்ல பெரிய நண்டோட குழி தண்ணியை விட்டுத் தள்ளி இருக்கு, சின்னதோடது தண்ணிகிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டம் வந்துட்டுப் போனா, திங்கக்கிழமை காலைல குழி கம்மியா இருக்கு. நண்டு பயந்து வேற இடத்துக்குப் போகுதா, இல்ல உள்ளேயே மூடிக்கிட்டு இருக்கான்னு அவளுக்குத் தெரியல. போன்ல எடுத்த படமெல்லாம் காட்டினா. மேடம் கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. தெரிஞ்சதுக்குப் பதில் சொன்னா, தெரியாததைத் தெரியலன்னா. எனக்குத் தோணாத உத்தி அது.

நான் விரலை ஊதிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"இதை ஏம்மா லெட்டர்ல எழுதல?"

நிலோஃபர் தரையைப் பாத்தா. "எழுதியிருந்தேன் மேடம். அங்கிள்தான் நண்டு வேணாம்னு எடுத்துட்டார்."

மேடம் என்னைப் பாத்தாங்க. ட்ரேல இருந்ததும் வெளில எட்டிப் பாத்த மாதிரிதான் இருந்தது.

இடம் நிலோஃபருக்குத்தான். அடுத்த திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க. கிளம்பும்போது மேடம், "உங்க தாகத்துக்கு எங்ககிட்ட இடம் இல்ல, மன்னிச்சுக்குங்க"ன்னாங்க. விரலுக்கு ஒரு பிளாஸ்திரி மட்டும் கொடுத்தாங்க.

ஆட்டோல திரும்பி வரும்போது நிலோஃபர் வெளில பாத்துச் சிரிச்சுட்டே வந்தா. வீட்டு வாசல்ல இறங்கினதும், "தாங்க்ஸ் அங்கிள்"னா. எதுக்குன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல.

நடந்தது எதுவும் ரெஹானா அக்காவுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது, பாஸ்கர் தம்பி ஒரு லெட்டர் எழுதினார், ஒரே வாரத்துல இடம் கிடைச்சுது. அதை அபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிட்டாங்க.

மறுநாள் காலைல காலிங் பெல். மூணாவது மாடிக்காரர், பையனோட தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கறார். பையன் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கான்.

"சார், இவனுக்கும் ஒரு ரிசர்ச் பாத்துக் குடுங்க."

"பாக்கலாம் சார். பையனுக்கு எதுல ஆர்வம்?"

"அதெல்லாம் நீங்களே பாத்து எழுதிடுங்க சார்."