கோளாறு இல்லாத இரைச்சல்

மங்கலம்,
வியாழக்கிழமை, பள்ளி விட்டு வந்த பின்.

பேரன்புள்ள மகுடேஸ்வரன் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் மதுமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் நலம், கிட்டாரும் நலம். கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் கடிதத்தின் பொருள் என்பதால் அதை இன்னொரு முறை எழுதுகிறேன்: கிட்டார் மிகவும் நலம். அங்கே மடத்துக்குளத்தில் நீங்களும் அத்தையும் தென்னந்தோப்பும் நலம்தானே? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் என்ன சொன்னாலும் நீங்கள், "என்ன கண்ணு, ஒண்ணுமே காதுல உழுகல, அங்க என்ன அத்தனை சத்தம்?" என்கிறீர்கள். நாங்கள் மூன்று பேரும் வீடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டோம் மாமா. இங்கே ஒரு சத்தமும் இல்லை. உங்கள் போனைத்தான் கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவேதான் கடிதம்.

நீங்கள் எனக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கிட்டாரில் கோளாறு இருக்கிறது என்று போன வாரம் அப்பா உங்களுக்குச் சொன்னார். நீங்களும், "ஞாயித்துக்கிழமை காரை எடுத்துட்டு வாரேன், கோயமுத்தூர் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு புள்ளைக்கு ஒரு கீபோர்டு வாங்கிரலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். கீபோர்டு நல்ல கருவிதான் மாமா. அதன்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் நான் வாசிக்க விரும்புவது ஹெவி மெட்டல். அதைக் கேட்டால்தான் எனக்கு மனம் ஒருமித்துக் கணக்குப் பாடம் ஓடுகிறது. கிட்டாரில் இப்போது கோளாறு எதுவும் இல்லை என்பது அப்பாவுக்கே தெரியும். ஆனால் "சொன்ன சொல்லை மாத்திச் சொன்னா மச்சான் என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?" என்று போனைத் தொடமாட்டேன் என்கிறார். எனவே நடந்ததை நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூடவே வந்த ஆம்ப் என்கிற சிறிய ஒலிபெருக்கியில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கிறது. அதைக் கூட்டினால் கம்பியின் ஒலி உடைந்து கரகரத்து, ஒரு லோடு ஜல்லியை ரோட்டில் கொட்டியது போல வரும். ஹெவி இசைக்கு அந்தக் கரகரப்புத்தான் உயிர். முதல் நாள் நான் அதைக் கூட்டி ஒரே ஒரு தடவைதான் மீட்டினேன். குளித்துக்கொண்டிருந்த அப்பா தலையெல்லாம் நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார், என்னையும் பார்க்கவில்லை, கிட்டாரையும் பார்க்கவில்லை, நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "பேரிங் போனாட்டக் கத்துது, கையை எடு சாமி!" என்றார். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, ஆம்ப் மட்டும் சார்ஜில் ஓடுவதால் நிற்கவில்லை. அப்பா அதை ஒரு பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது மாமா. பனியன் கம்பெனியில் தையல் மெசின் மெக்கானிக்காக இருப்பவருக்கு, "அண்ணா, மெசின் சத்தம் போடுது" என்று யாராவது சொன்னால் ஓடுவதுதான் பிழைப்பு. சத்தம் வந்தால் அது கோளாறு, சத்தம் நின்றால் சம்பளம். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒருத்தி வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினால் அவர் என்ன செய்வார்?

மறுநாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது மெசின் ஆயில் கேனை எடுத்துக் கம்பி, திருகாணி, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் ஊற்றிவிட்டார். "இப்ப வாசிச்சுப் பாரு கண்ணு, பட்டாட்ட ஓடும்" என்றார். ஓடியது. ஆனால் ஓடியது என் விரல். எங்கே வைத்தாலும் வழுக்கிக்கொண்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விட்டது. மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை கையிலிருந்து எகிறி எங்கே போனதென்றே தெரியவில்லை. சாப்பிடும்போதுதான் தட்டப்பயறு குழம்பில், அதுவும் அப்பா தட்டிலேயே வந்து சேர்ந்தது. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கறிவேப்பிலையோடு சேர்த்து ஒதுக்கி வைத்தார். அப்புறம் ஒரு பை பனியன் வேஸ்டை வைத்துக்கொண்டு நானும் அவருமாக எண்ணெயைத் துடைத்தோம். துடைத்து முடித்தபின்தான் உங்களுக்குப் போன் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

அம்மாவுக்கு அது தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "எங்கண்ணன் வாங்கிக் குடுத்ததைக் குறை சொல்றதுக்கு முன்னால நானொருக்காப் பாக்கோணுமில்லீங்க?" என்று சொல்லிக் கிட்டாரைக் கட்டிலில் கிடத்தினார். அம்மா கம்பெனியில் செக்கிங் என்பது உங்களுக்குத் தெரியும். துணியில் எங்கே பழுது இருக்கிறதோ அங்கே சிவப்பாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. பெயின்ட் பொரிந்த இடத்தில் ஒன்று, தளர்ந்த திருகில் ஒன்று. பிறகு ஒரு பனியன் துணியை எடுத்துக் கழுத்தின் ஓரமாக இழுத்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிக்கட்டைகளின் முனையில் எங்கெல்லாம் நூல் மாட்டியதோ அங்கெல்லாம் ஒரு ஸ்டிக்கர். என் விரல் ஏன் கீறியது என்று அப்போதுதான் புரிந்தது. முடிக்கும்போது கிட்டாருக்கு அம்மை போட்டது போல இருந்தது. "உங்கண்ணன் வாங்குனது செகண்ட்ஸ் பீஸாட்ட இருக்குதே" என்று அப்பா சிரித்தார். "வெலைக்கு ஏத்த பீஸுங்க. ஆல்ட்டர் பண்ணுனாப் போதும், ஷிப்மென்ட்டே போயிரும்" என்றார் அம்மா. சரிசெய்ய முடிந்தால் அது ஆல்ட்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். அம்மா வாயிலிருந்து ரிஜெக்ட் என்ற சொல் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன ஞாயிறு முழுவதும் கிட்டார் எலும்பும் தோலுமாகப் பிரிந்து கிடந்தது. ஹெவி இசைக்குக் கீழ்க்கம்பியைச் சுருதி இறக்க வேண்டும். இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆடும். அதனால் தடித்த கம்பி போட்டேன். தடித்த கம்பி கழுத்தை வில் மாதிரி இழுத்துவிட்டது. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புத் தண்டை ஆலன் கீயால் கொஞ்சமாகத் திருப்பினால் நிமிரும் என்று நான் படித்துச் சொல்ல, அப்பா திருப்பினார். அவருக்கு அந்தச் சாவி பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் திருப்பினார். கழுத்து அந்தப் பக்கம் வளைந்துகொண்டது. மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கினோம். கம்பிக்கட்டை முனைகளைத் தேய்க்க அப்பாவின் அரம் பெரிதாக இருந்ததால், சுவரை ஒட்டிய தறிக்குடோனில் வேலை செய்கிற சோணைமுத்து அண்ணன் ரூமில் போய்ச் சின்ன அரம் வாங்கி வந்தேன். திங்கட்கிழமை மாலை எல்லாவற்றையும் மாட்டி வாசித்தபோது கரகரப்போடு இன்னொரு சத்தமும் வந்தது, 'ஸ்ஸிர்ர்' என்று, கம்பி கட்டையில் உரசுகிற சத்தம். "அப்பா, இது வேண்டாத இரைச்சல், இதை எடுக்கணும். அது வேண்டிய இரைச்சல், அதைத் தொடாதீங்க" என்றேன். அப்பா என்னையே பார்த்தார். "ஒரே மெசின்ல ரெண்டு எரைச்சல், அதுல ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டதா? இதை எந்தப் புக்குல சாமி படிச்சே?" என்றார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த அஞ்சாவது கட்டைகிட்ட ஒரசுது" என்றார். சரியாக அங்கேதான். கம்பியை அந்தப் பக்கம் ஒரு மயிரிழை தூக்கினோம். போயிற்று.

இப்போது அது எப்படி இருக்கிறது தெரியுமா மாமா! கீழ்க்கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் தரை அதிர்கிறது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. என்னுடைய ஒலிக்கு அடியில் டிரம்ஸ் வாசிப்பது போல ஒரு தாளம், தடக்தடக் என்று விடாமல் வருகிறது. இவ்வளவு சின்ன ஆம்ப், இவ்வளவு மலிவான கிட்டார், அதில் இப்படி ஒரு அடித்தளம் கிடைக்கும் என்று நான் பார்த்த எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. நாங்கள் செய்த செட்டப்தான் காரணம் என்று நினைக்கிறேன். அம்மா ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்துவிட்டார். கடைசி ஒன்று மட்டும் விரலில் ஒட்டியிருந்தது. நான் ரிஃப் என்கிற சின்ன மெட்டு ஒன்றை வாசித்து முடித்ததும், அதை என் இடது மணிக்கட்டில் ஒட்டினார். "மெசின்ல ஒண்ணுமில்ல, ஆபரேட்டர்தான். இதுவும் ஆல்ட்டர்தான் கண்ணு, பழகப் பழகச் செரியாப் போயிரும்" என்றார். இன்றுவரை நான் அதை உரிக்கவில்லை.

ஆகவே மாமா, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். ஆனால் கிட்டாரை ஏற்றிப்போவதற்காகக் காரின் பின்சீட்டைக் காலியாக வைக்க வேண்டாம். உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேளுங்கள். அந்த அதிர்வை உங்கள் காலில் உணர்ந்த பிறகும் கீபோர்டு என்று சொன்னீர்களானால் நான் ஒன்றும் பேசமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். புதிதாக ஈன்ற கன்றுக்கு என் சார்பில் ஒரு தடவல். வரும்போது இளநீர் கொண்டுவந்தால் அப்பா மறுக்கமாட்டார்.

என்றும் உங்கள் பாசத்துக்குரிய,
மதுமதி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஆம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தரை நின்றுவிட்டது மாமா. டம்ளர் நின்றுவிட்டது. தடக்தடக் நின்றுவிட்டது. டிபன் பாக்ஸுக்குள் ஒரு ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் மட்டும் தெருவெல்லாம் கேட்டது. அதுதான் நான். பிறந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற விசைத்தறி எங்கள் யார் காதிலும் விழுவதில்லை என்பது இன்றுதான் தெரிந்தது. உங்கள் போனைக் கடையில் கொடுக்க வேண்டாம். சோணைமுத்து அண்ணன் குடோனிலிருந்து வெளியே வந்து, "என்ன பாப்பா, நீயா இது? தறியிலதான் ஏதோ அத்துக்கிட்டு ஒரசுதுன்னு மூணு நாளா நாங்க கெடந்து தேடுறோம்!" என்றார். அதை மெசின் கோளாறு என்று நினைத்தது தான் மட்டுமில்லை என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கரண்ட் வந்ததும் அண்ணன் உள்ளே போய், "ஓட்டிவிடுறேன், நீ அடி பாப்பா" என்று கத்தினார். டம்ளர் மறுபடி ஆடியது. மிகவும் நன்றாக இருந்தது.

எனவே மேலே எழுதியதில் ஒரே ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்று தறி லீவு. திங்கட்கிழமை வாருங்கள்.