உப்பளத்துக்கு வந்த அமைதி விரும்பி

அமைதி விரும்பி என்று ஓர் இனம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் வேறு. அவர்களுக்கு அமைதி என்ற சொல்லே தேவைப்படுவதில்லை. அமைதி விரும்பிக்கோ அந்தச் சொல் இல்லாமல் காலைக் காபி உள்ளே இறங்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவருக்கு நகரம் கசந்துவிடும். "கூட்டமே இல்லாத இடமா ஒண்ணு சொல்லுங்க" என்று பதினெட்டுப் பேருக்குப் போன் போடுவார். அந்தப் பதினெட்டுப் பேரும் அதே இடத்துக்குக் கிளம்பலாம் என்பது அவருக்குத் தோன்றாது. போய் இறங்கும் இடத்தில் இன்னொரு கார் நின்றால் முகம் தொங்கிவிடும். "இங்கயும் வந்துட்டாங்களா?" என்று பெருமூச்சு விடுவார். தான் வந்த காரைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த எடத்தை நீங்க பார்த்திருக்கணும்" என்று நம்மைப் பார்த்து இரக்கப்படுவார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பியது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்படிப்பட்ட ஒருவர், பெயர் சித்தார்த்தன், போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மரக்காணத்தில் வந்து இறங்கினார். காது மூடும் தொப்பி, எட்டுப் பை வைத்த கால்சட்டை, ஒவ்வொரு பையிலும் கீச் கீச்சென்று கத்தும் ஏதோ ஒரு கருவி, காலில் பால் வெள்ளையில் புது ஷூ. அவருக்கு வழி காட்ட வேண்டியவள் மேரிசெல்வி.

கடற்கரைச் சாலையில் ஒரு தங்கும் விடுதி புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தது: 'மரக்காணத்தின் அமைதியான பக்கம், ஒரு நாள் நடை.' கழிமுகத்துக்கு நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஊரில் அதைத் திட்டு என்பார்கள். திட்டின் இந்தப் பக்கத்தை எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாள் கேக் வெட்டுகிறவர்களும் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. நீர்ப்பறவைகள் மட்டும் வரும். காலையில் உப்பள வரப்பில் நடை, பிறகு படகு, பிறகு திட்டின் அந்தப் பக்கம், மத்தியானம் மீன் குழம்பு. இதுதான் திட்டம். கூட்டிப்போவதற்கு அந்த ஊரிலேயே பிறந்தவள் வேண்டும் என்று மேரிசெல்வியைப் பிடித்திருந்தார்கள்.

அவளும் திண்டிவனத்துத் துணிக்கடையில் பத்து மணி நேரம் உட்காராமல் நிற்கும் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்திருந்தாள். முதல் நடை இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறிவிடுமே என்று சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றிவிட்டு வந்தாள். ஏற்றியதில் தப்பில்லை. அவளுக்கு மேலே இரண்டு பேர் நிபந்தனை வைத்திருந்தார்கள்.

ஒருவர் விடுதிக்காரர். "வர்றவங்க அஞ்சு ஸ்டார் போட்டா வாராவாரம் உனக்குத்தாம்மா. இல்லாட்டி வேற ஆள் பாப்பேன்" என்று சொல்லியிருந்தார்.

இன்னொருத்தி ராசம்மாள். உப்பளத்தைத் தாண்டாமல் படகுக்குப் போக முடியாது. அந்த வரப்பில் வேலை செய்வது ராசம்மாளும் அவள் செட்டுப் பெண்களும். மேரிசெல்வியே இரண்டு வருடம் அந்தச் செட்டில் உப்பு சுமந்தவள். அந்த உரிமையில் மூன்று நாள் நடையாய் நடந்து கேட்டாள். "கூட்டிக்கினு போ, வேணான்னு சொல்லல. ஆனா ஒரு பாத்தி உடைஞ்சுதுன்னு வெச்சுக்க, அன்னியோட உன் டூருக்கு இங்க வரப்பு கெடையாது" என்று ராசம்மாள் சொல்லிவிட்டாள். வரப்பு இல்லையென்றால் படகு இல்லை. படகு இல்லையென்றால் மறுபடியும் துணிக்கடை.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். சித்தார்த்தன் ஒருவர். மற்ற இருவர் புதுச்சேரியிலிருந்து வந்த ஆண்ட்ரூஸும் அவர் மனைவி ஜோசப்பினும்; வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் காலாற நடக்க வந்தவர்கள். அமைதி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நடுவில் டீ கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்கள்.

வரப்பின் தொடக்கத்தில் மூவரையும் நிறுத்தி மேரிசெல்வி பேச ஆரம்பித்தாள். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய பேச்சு.

"எல்லாருக்கும் வணக்கங்க. இது உப்பளம். வரப்புல கால் வெக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லிடறேங்க..."

சித்தார்த்தன் கையை உயர்த்தினார். கண்ணை மூடியிருந்தார்.

"ப்ளீஸ். கொஞ்சம் பேசாம இருக்கலாமா? இந்த சைலன்ஸை நான் ஃபீல் பண்ணணும்."

அந்த இரண்டு விஷயம் என்ன என்று உங்களுக்காவது சொல்லிவிடலாம். ஒன்று, தலையில் உப்புக் கூடையோடு வருகிறவள் நிற்க மாட்டாள். வெறுங்கையோடு வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். இரண்டு, ஒதுங்கும்போது வெறும் தண்ணீர் நிற்கும் பாத்தியில்தான் இறங்கலாம். வெள்ளையாக உப்புக் கட்டிக்கொண்டிருக்கும் பாத்தியில் சுண்டுவிரல்கூடப் படக்கூடாது. சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். மேரிசெல்வி அந்த அரை நிமிடத்தை நினைத்தாள். ஐந்து ஸ்டாரை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சரி, அமைதி வந்துவிட்டதா? எங்கே வந்தது! அவள் விட்ட இடத்தைச் சித்தார்த்தன் எடுத்துக்கொண்டார். குடகு மலையில் அவர் கண்ட அமைதி, லடாக்கில் கண்ட அமைதி, ஒரு தியான முகாமில் பத்து நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது எல்லாம் வந்தன. அந்தப் பத்து நாளைப் பற்றி இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். போனில் சத்தத்தை அளக்கும் ஒரு செயலி வைத்திருந்தார். பத்தடிக்கு ஒரு தடவை அதைப் பார்த்து, "நாப்பத்திரண்டு!" என்று கூவுவார். கூவியதும் எண் எழுபதுக்கு ஏறும். உடனே கோபமாகத் திரும்பி யார் சத்தம் போட்டது என்று பார்ப்பார்.

"அந்த மெஷினு அவரு வாயத்தான் அளந்துக்கிட்டு வருது" என்று ஆண்ட்ரூஸ் மனைவியின் காதில் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியுது, மெஷினுக்குத் தெரியுது. அவருக்கு யாரு சொல்றது?" என்றாள் ஜோசப்பின்.

தூரத்தில் ராசம்மாள் செட்டு வேலையில் இருந்தது. விடிவதற்கு முன்பே வந்தவர்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒருத்தி போனில் பாட்டு ஓடியது. இரண்டு பேர் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். சித்தார்த்தனின் புருவம் சுருங்கியது.

"அவங்கள கொஞ்சம் பேசாம வேலை பார்க்கச் சொல்ல முடியுமா? ஒரே ஒரு நிமிஷம். வீடியோ எடுத்துக்கறேன்."

மேரிசெல்வி பதில் சொல்வதற்குள் ராசம்மாளுக்கே அது கேட்டுவிட்டது.

"ஏம்மா செல்வி, சாருக்கு இன்னா, தலவலியா? மாத்தர எதனா வேணுமா?"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சிரித்துக்கொண்டே கூடைகளும் கிளம்பின. ராசம்மாளோடு நான்கு பெண்கள், தலைக்கு ஒரு கூடை, "வழி, வழி, வழி" என்று ஒரே வேகத்தில் வந்தார்கள். சித்தார்த்தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பின் நடுவில் நின்றார். கடைசி நொடியில்தான் அவர்கள் நிற்கப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

இடது பக்கம் கலங்கிய தண்ணீர், மேலே கொஞ்சம் நுரை. வலது பக்கம் துவைத்து விரித்த வேட்டி போல வெள்ளை. காலில் புது ஷூ. நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் இறங்கியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

அவரும் அங்கேதான் இறங்கினார்.

அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். மெல்லிய வெள்ளையைப் பிளந்துகொண்டு கால் கணுக்கால் வரைக்கும் கறுப்புக் களிமண்ணுக்குள் போயிற்று. பதறிப்போய் இன்னொரு காலை வைத்தார். அதுவும் போயிற்று. திரும்பி ஏறப் பார்த்து இன்னும் நான்கு எட்டு வைத்தார். மொத்தம் ஆறு பள்ளம். வெள்ளையின் மேல் கறுப்பு நீர் ஊறிப் பரவியது. பத்து நாள் வெயிலில் கட்டிய உப்பு.

பாட்டு நின்றது. கல்யாணப் பேச்சு நின்றது. அன்றைக்கு முதல்முறையாக உப்பளம் முழுவதும் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அப்போது மட்டும் அவர் செயலியைப் பார்க்கவில்லை.

ராசம்மாள் அப்போதும் நிற்கவில்லை. சுமையோடு வருகிறவள் நிற்பதில்லை அல்லவா? நேரே போய்க் குவியலில் கூடையைக் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

"செல்வி."

"யக்கா."

"வரப்பு வெவகாரம் அவருகிட்ட சொன்னியா இல்லியா?"

மேரிசெல்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. 'சொன்னேங்க்கா, அவருதான் கேக்கல' என்று சொல்லிவிடலாம். சித்தார்த்தன் மறுக்கப் போவதில்லை. அவர் சேற்றில் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். வரப்பும் பிழைத்துக்கொள்ளும். மேரிசெல்வி ராசம்மாளின் காலைப் பார்த்தாள். உப்பு அரித்து வெடித்த கால். இரண்டு வருடம் தன் காலும் அப்படித்தான் இருந்தது.

"சொல்லலக்கா. பேச வேணான்னாரு. நானும் விட்டுட்டேன்."

"அவரு வேணான்னா உனுக்கு வாயில்லியா? ஸ்டாருக்கு ஆசப்பட்டு மூடிக்கினியா?"

"ஆமாங்க்கா."

சித்தார்த்தன் குறுக்கே வந்தார். "மேடம், என் மேலதான் தப்பு. எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, இப்பவே ஜிபே பண்ணிடறேன்."

"உன் போனு வந்து பாத்தி மிதிக்குமா சார்?" என்றாள் ராசம்மாள். "எங்க செட்டுல எவ உடைச்சாலும் அவதான் மிதிச்சுக் குடுக்கணும். கலெக்டரே உடைச்சாலும் அதான். அந்த இன்னொரு ஷூவையும் கழட்டு."

உப்புப் பாத்தியின் தரை தானாக இறுகுவதில்லை. காலால் மிதித்து மிதித்துத்தான் அதைச் சிமெண்டுத் தரை போல ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறிவிடும். ஒரு பெண் மண்வெட்டியால் மடையைத் திறந்து, பாத்தியில் இருந்த நீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினாள். மேரிசெல்வி செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக இறங்கினாள். "எம் பின்னாடி வாங்க சார். தோள் மேல கை வெச்சுக்குங்க. குதிகாலு, அப்புறம் வெரலு. முன்னங்கால் வெரல ஒட்டிப் பின்னங்கால் குதி. எடம் விடாதீங்க."

"ஸ்ஸ்" என்றார் சித்தார்த்தன்.

கார் ஓட்டும் கால் உப்பைப் பார்த்ததில்லை. குதிகாலில் இருந்த ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் உப்பு நுழைந்து விசாரித்தது. குடகு மலை மறந்தது, லடாக் மறந்தது, தியான முகாம் மறந்தது. மேரிசெல்விக்கோ இனி இழக்க ஒன்றும் இல்லை. ஸ்டாரும் போயிற்று, வரப்பும் போயிற்று என்று நினைத்தாள். ஆகவே ஒரு வாரம் பழகிய பேச்சை முழுவதும், மிதித்துக்கொண்டே, வரப்புக்குக் கேட்கும் குரலில் சொல்லி முடித்தாள்: தண்ணீர் எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்குப் போகிறது, உப்பு எந்தக் காற்றுக்குச் சீக்கிரம் கட்டும், திட்டுக்கு வரும் பூநாரை எதைத் தின்கிறது. கேட்டவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வரப்பில் ஜோசப்பின் அந்தப் பெண்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சில் அவளும் சேர்ந்துவிட்டாள்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ராசம்மாள் தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "போங்க. மத்தத அப்பால பேசிக்கலாம்" என்றாள். அந்த 'அப்பால' என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே மேரிசெல்வி அவர்களைப் படகில் ஏற்றினாள்.

திட்டின் அந்தப் பக்கம் இருநூறு பூநாரைகள் ஆழமில்லாத நீரில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. காற்று மட்டும் வந்தது. சித்தார்த்தன் ஒரு நிழலில் உட்கார்ந்து காலை நீட்டினார், அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார். லேசான குறட்டை. பறவைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"தேடி வந்தது மனுஷனுக்குக் கெடச்சுடுச்சு" என்றார் ஆண்ட்ரூஸ்.

"அவருக்கு இல்லைங்க. நமக்கு" என்றாள் ஜோசப்பின்.

திங்கட்கிழமை காலையில் விடுதிக்காரர் போன் செய்தபோது மேரிசெல்வி துணிக்கடைச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சித்தார்த்தன் எழுதிவிட்டாராம். படித்துக் காட்டினார்:

"ஐந்து நட்சத்திரம். யாருக்கும் தெரியாத இடம். உப்புச் சேற்றில் பாத மிதிச் சிகிச்சை, இந்த மண்ணின் மரபு வைத்தியம், கட்டாயம் அனுபவிக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் என் மனதில் ஓர் எண்ணம்கூட எழவில்லை. தியான முகாமில்கூட இது கிடைக்கவில்லை. தயவுசெய்து யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்."

அதன் கீழே போகும் வழியை வரைபடத்தோடு போட்டிருந்தார்.

புதன்கிழமைக்குள் இருபத்துமூன்று பேர் பதிவு செய்துவிட்டார்கள். இருபத்துமூன்று பேரும் பாத சிகிச்சை உண்டா என்று கேட்டார்கள். ஸ்டார் கிடைத்துவிட்டது, வரப்பு? மேரிசெல்வி போனை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். சித்தார்த்தன் எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். 'மரபு வைத்தியம்' வரும்போது ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராசம்மாள் சிரிக்கவில்லை. கிழக்கே பார்த்தாள். மழையில் ஊறி, இன்னும் மிதிக்காமல் பதினான்கு பாத்திகள் கிடந்தன.

"எத்தினி பேருன்ன?"

"இருவத்திமூணு பேருக்கா."

"கால் எத்தினி?"

"நாப்பத்தாறுக்கா."

ராசம்மாள் அந்தப் பதினான்கு பாத்தியையும் விரல் நீட்டி ஒரு தடவை எண்ணினாள்.

"ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வா. வெள்ள ஷூ போட்டவன முன்னாடி வுடு. இந்த வாட்டி எவன் வாய மூடச் சொன்னாலும் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு மூடு."

இவ்வளவுதான் நடந்தது. சித்தார்த்தனைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள், சிரிக்க வேண்டியதுதான். ஆனால் நடுவில் எங்கேயாவது, அந்தத் திட்டு சரியாக எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தீர்களா? கூட்டம் சேர்வதற்குள் ஒரு தடவை போய் வந்துவிட வேண்டும் என்று தோன்றியதா? இதை அப்படியே இரண்டு நண்பர்களுக்கு, இரண்டே இரண்டு பேருக்கு மட்டும், அனுப்பலாம் என்று கை பரபரத்ததா?

வாருங்கள், தாராளமாக வாருங்கள். குதிகாலில் வெடிப்பு இருந்தால் இரண்டு நாள் முன்பே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பதினான்கில் இன்னும் ஐந்து பாத்தி மிச்சம் இருக்கிறது.