பெண்களை மட்டும் கடிக்கும் நாய்

இனிமேல் பெண்டாட்டி இல்லாமல்தான் போட்டோ எடுக்கப் போவது என்று படக்காரர் முடிவு செய்தது பல் தேய்க்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. கணவன்மாரின் பெரிய முடிவுகளில் பாதி இப்படித்தான் நுரையோடு போய்விடுகின்றன.

அவர் பக்கமும் ஞாயம் இருந்தது. கல்யாணமான நாளாக எந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனாலும் அவள் லைட்டையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். தூக்குவதோடு நின்றால் பரவாயில்லை. "என்னங்க, மூக்கு நிழல் உதட்டுல விழுது பாருங்க" என்பாள், எல்லார் முன்னாலும். நிழல் விழுந்திருக்கும். அதுதான் கொடுமை. கடைசியில் வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கீங்கம்மா" என்பார்கள். கேமராவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பது யார் கண்ணிலும் படாது. அந்தக் கசப்பு அவருக்கு நாக்கிலிருந்து அடிவயிறு வரை இறங்கியிருந்தது.

இப்போது வந்திருந்ததோ பெரிய இடம். ஒரு கம்பெனியின் மேலாளரம்மா வீட்டுக்கு வந்து முகப்படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் ஆபீஸில் உள்ள அத்தனை முகங்களும் படக்காரருக்குத்தான். அந்தப் பேர் தனக்கு மட்டுமே வரவேண்டும் என்று நினைத்தார்.

"நீ வரவேண்டாம். அந்த வீட்டுல ஒரு நாய் இருக்காம்," என்றார் மனைவியிடம்.

"இருந்தா?"

"கன்னுக்குட்டி உசரமாம். ஆம்பளைங்கள ஒண்ணும் பண்ணாது. பொம்பளைங்கன்னா விடாதாம்."

"அந்த வீட்டம்மாவும் பொம்பளைதானே?"

"வெளியாளுங்களைத்தான்," என்று சமாளித்தார்.

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள். இத்தனை சுலபமாகப் பெண்டாட்டி ஒத்துக்கொண்டால் விவரமுள்ள மனுஷன் பயப்படுவான். இவர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் மொத்தச் சுமையையும் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி, நாக்குத் தள்ள மணியை அடித்தார். மேலாளரம்மா கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "வாங்க. பயப்படாதீங்க, நாயை உள்ரூம்ல விட்டுக் கதவைச் சாத்தியிருக்கேன்."

லைட் பெட்டி படக்காரரின் கால் மேலேயே விழுந்தது. "நாய்... இருக்குங்களா?"

"இருக்கே. பொம்பளைங்கள ஒண்ணும் பண்ணாது. ஆம்பளைங்கன்னாதான் ஆகாது."

தான் சொன்ன பொய்யை மேலே யாரோ கேட்டு, அவசரத்தில் ஆணையும் பெண்ணையும் மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் தொழில் தெரிந்த ஆள். சாஃப்ட்பாக்ஸ் லைட்டை ஜன்னல் பக்கம், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினார். மறுபக்கம் வெளிச்சம் திரும்பி அடிக்கத் தெர்மாகோல் பலகையைச் சாய்த்தார். அந்தம்மாவின் மூக்குக்கண்ணாடியில் லைட் பளீரென்று அடித்தது. ஸ்டாண்டை ஒரு சாண் உயர்த்தினார், போய்விட்டது. முதல் படம் எடுத்துப் பார்த்தார். பின்னால் கருப்பு மர அலமாரி, முன்னால் கருப்புக் கோட்டு, நடுவில் கருகருவென்று முடி. மூன்றும் ஒன்றாகிப்போய், முகம் மட்டும் சுவரில் மாட்டிய தட்டு மாதிரி தொங்கியது.

முடியிலும் தோளிலும் பட பின்னாலிருந்து சின்னதாக ஒரு லைட் வேண்டும். குறுகலான கூடம் அது. ஒரு பக்கத்தைச் சோபா அடைத்துக்கொண்டது. மிச்சம் இருந்த இடம் ஒன்றே ஒன்று. உள்ரூம் கதவோரம்.

ஸ்டாண்டோடு அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தார். உள்ளே ஏதோ 'கரக்' என்றது. காலை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார். மறுபடி 'கரக்'. கேமராவில் டைமரை வைத்துவிட்டுச் சோபா மேல் ஏறி நின்று லைட்டைக் கையால் நீட்டிப் பிடித்தார். படத்தில் மேலாளரம்மா காதோரம் இன்னொருவரின் கை முளைத்தது. தரை துடைக்கும் குச்சியில் கட்டித் தூக்கினார். அது சரிந்து அந்தம்மாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டியது.

அந்தம்மா தோளைத் தடவிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "ஆபீஸ்லயும் இப்படித்தான் எடுப்பீங்களா?"

படக்காரருக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்போது உள்ரூம் கதவு திறந்தது.

வந்தது நாய் இல்லை. கையில் டீ கிளாஸோடு அவருடைய சொந்த மனைவி. கிளாஸை அலமாரி மேல் வைத்தாள். அவர் கையிலிருந்த லைட்டை வாங்கினாள். கதவோரம் நிறுத்தி, அரைக்கால் திருப்புத் திருப்பினாள்.

"எடுங்க," என்றாள்.

எடுத்தார். முடி இழை இழையாக மின்னியது. பிறந்ததிலிருந்து அவர் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை.

நடந்தது இதுதான். நாயைக் கட்டிப்போடச் சொல்லலாமே என்று அவள் முந்தின நாளே போன் செய்திருக்கிறாள். எங்க வீட்டுல நாயே இல்லையே என்றிருக்கிறார் அந்தம்மா. அதற்குப் பிறகு, இல்லாத அந்த நாயைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். இவருக்கு முன்னாலேயே வந்து அவள் உட்கார்ந்திருந்த உள்ரூம் பிரம்பு நாற்காலி, சாய்ந்தால் 'கரக்' என்றதாம்.

போன மானத்தில் மிச்சத்தையாவது மீட்டுவிடலாமென்று படக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஆபீஸ் வேலைக்கு நான் எப்ப வரட்டும்மா?"

"அது நேத்தே பேசி முடிச்சாச்சு. உங்க வீட்டம்மா வர்றாங்க," என்றார் மேலாளரம்மா. "கூட நீங்களும் வருவீங்களான்னு அவங்ககிட்ட கேட்டேன்."

படக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே சொன்னாள்:

"யோசிச்சிட்டிருக்கேன்."