அஞ்சடியில் ஒரு மலை

சிங்கப்பூரின் தேக்காவில் லொரைன் நடத்தும் தேநீர்க் கடைக்கு உள்ளே இடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அடுப்பும் லொரைனும் நின்றால் கடை நிறைந்துவிடும். டீ, தோசை வியாபாரமெல்லாம் வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில், கூரைக்குக் கீழே கிடக்கும் ஆறு மேசைகளில்தான். மேசை போனால் கடை போன மாதிரி.

அந்த ஆறு மேசைகளைக் குறித்துத்தான் நடைபாதை உயர ஒழுங்கு அலுவலகம் கடிதம் எழுதியிருந்தது. மேற்படி மேசைகள் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பது இம்மாதக் கடைசிக்குள் உறுதிசெய்யப்பட வேண்டும், இல்லையேல் அகற்றப்படும். விதி எளிமையானது. ஐந்து மீட்டருக்குக் கீழே இருந்தால் மேசை வெள்ளத்தில் மிதக்கும். பதினைந்துக்கு மேலே இருந்தால் உருண்டு விழும். இடைப்பட்ட உயரத்தில் மட்டுமே மனிதர்கள் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று அலுவலகம் ஆழ்ந்து யோசித்து முடிவு செய்திருந்தது.

முதலில் வந்தவர் அதிகாரி ரிச்சர்ட். கையில் கைப்பேசியைவிடப் பருமனான ஒரு கருவி.

"இது சேட்டலைட் மேடம். வானத்துல சுத்துற கோள்களைக் கேட்டு உயரம் சொல்லும்."

கருவி முப்பத்தொன்று என்றது. லொரைன் எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க சார்."

ரிச்சர்ட் இரண்டு மேசை தள்ளி நின்றார். கழித்தல் நான்கு.

"இப்ப கடலுக்குள்ள நிக்கிறோமா சார்?"

"சிக்னல் மேடம். மேல கூரை, சுத்திக் கட்டடம். எந்தத் தெருன்னு கேட்டா டாண்ணு சொல்லும். உயரம்னா மட்டும் கொஞ்சம் தடுமாறும்."

"நீங்க உயரம் பாக்கத்தானே வந்தீங்க?"

"ஆமா மேடம்," என்றார் ரிச்சர்ட், எந்தச் சங்கடமும் இல்லாமல். ஒரு மேசையை மலை என்றும் இன்னொன்றைக் கடல் என்றும் குறித்துக்கொண்டு, இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ ஒன்றைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிவானி வந்தாள். அதே அலுவலகம், வேறு கருவி.

"இது வானத்தையெல்லாம் கேக்காதுக்கா. காத்தோட அழுத்தத்த வச்சுச் சொல்லும். மேல போகப் போக அழுத்தம் குறையும்ல? குறைஞ்சா ஏறிட்டோம்னு அர்த்தம்."

"இதாவது சரியாச் சொல்லுமா?"

"சொல்லும். ஆனா மொதல்ல உயரம் தெரிஞ்ச எடத்துல வச்சு, இதான் உயரம்னு நாம அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். ஆபீஸ் வாசல்ல சொல்லிக் குடுத்துட்டுத்தான் வர்றேன்."

"ஆபீஸ் வாசல் உயரம் உங்களுக்கு யார் சொன்னா?"

"ரிச்சர்ட் சாரோட சேட்டலைட்."

இருந்தும் கருவி ஒன்பது என்றது. லொரைன் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் அலுவலக வழக்கப்படி ஒரே இடத்தை இரண்டு முறை அளக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குச் சிவானி அதே மேசைமேல் அதே கருவியை வைத்தாள். முப்பத்தாறு.

"நான் எதையும் நகத்தலம்மா!" என்றாள் லொரைன்.

வழக்கு மேலதிகாரி யாக்கூபிடம் போனது. அவர் நேரில் வந்து, மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.

"சார், நம்ம ஊர்ல தினமும் மத்தியானம் காத்தழுத்தம் தானா குறையும்," என்று சிவானி மெல்ல ஆரம்பித்தாள். "கருவி அத ஏறிட்டோம்னு நெனச்சுக்குது. கையேட்டுல போட்டிருக்கு."

"கையேடு நம்ம ஆபீஸ் அச்சடிச்சதா?"

"இல்ல சார்."

"அப்ப அது வெளியார் கருத்து." யாக்கூப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு கருவியும் அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்து தப்பாச் சொல்லாது. ஆக, எடந்தான் நகருது."

லொரைன் குறுக்கே புகுந்தாள். "சார், என் மேசை?"

"எடம் ஏறுனா மேசை என்னம்மா பண்ணும்? மேசை மேல குத்தம் இல்ல."

மாதக் கடைசிக்கு முந்தின நாள் அனுமதி வந்தது. மேற்படி நிலம் "நாள்தோறும் ஏறி இறங்கும் தன்மையது" என்ற தனிப்பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு பலகை: "எச்சரிக்கை. இவ்விடம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை உயரும். வாடிக்கையாளர்கள் மேசையைப் பற்றிக்கொள்ளவும்."

லொரைன் அன்று எல்லாருக்கும் இலவசமாக டீ ஊற்றினாள்.

பலகையை யாரோ படம் பிடித்துப் பரப்பினார்கள். அடுத்த வாரமே சுவா சூ காங் வட்டாரத்திலிருந்து இஞ்ஞாசி என்ற ஓய்வுபெற்ற பெரியவர் தன் நடைப்பயிற்சிக் குழுவோடு வந்து இறங்கினார். எல்லார் மணிக்கட்டிலும் காற்றழுத்தம் பார்த்து ஏற்றத்தைக் கணக்கெடுக்கும் கடிகாரம். பத்து மணிக்கு ஆளுக்கொரு டீ சொல்லி ஆறு மேசையையும் நிரப்பி உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. சாப்பாட்டுக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

"அண்ணே, டீ ஆறி ரெண்டு மணி நேரமாச்சு. எந்திரிச்சீங்கன்னா நாலு பேர் சாப்பிடுவாங்க."

இஞ்ஞாசி மணிக்கட்டை உயர்த்தினார். "பதினோரு மீட்டர் ஏறிட்டேம்மா. பாதி மலையில விட்டுட்டு எப்படி எறங்குறது?"

"உக்காந்துக்கிட்டே எங்கண்ணே ஏறுனீங்க?"

"அதான் இந்த எடத்தோட மகிமை. நடந்து ஏறுனா முட்டி வலிக்குது லா."

லொரைன் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். ரிச்சர்ட் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், மலையில இருக்கறவங்கள எறக்குறது மலை மீட்புப் பிரிவோட வேலை."

"அது எங்க சார் இருக்கு?"

"நம்ம ஊர்ல அந்த அளவுக்கு மலை இல்லையே மேடம். இன்னும் ஆரம்பிக்கல."

நான்கு மணிக்காவது கிளம்புவார்கள் என்று காத்திருந்தாள். உச்சிக்கு வந்த கையோடு இறங்கக் கூடாது, சற்று இளைப்பாற வேண்டும் என்றார் இஞ்ஞாசி. அப்புறம் இறக்கமும் இரவு பத்து வரை இருக்கிறதாம், அவசரப்பட்டால் ஆபத்தாம். நாள்தோறும் இப்படியே நடந்தது. வியாபாரம் படுத்தது. சண்டை போட்டுச் சலித்துப்போன லொரைனுக்கு இஞ்ஞாசி சமாதானமாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

மறு வாரம், கட்டுமான வேலையில் இருக்கும் சின்னத்தம்பி பசியோடு வந்து நின்றான். வெகுநாள் வாடிக்கை. மணி மூன்று.

"அக்கா, உக்கார எடமிருக்கா? ரெண்டு தோசை."

லொரைன் அடுப்படியில் இல்லை. ஆறாவது மேசையில், அசையாமல், மணிக்கட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எதிர்க்கடைக்குப் போ தம்பி," என்றாள், தலையைத் தூக்காமல். "நாங்க ஏறிக்கிட்டிருக்கோம்."