டொக்டர் ஐயா சிரித்த நாள்

ஹாலிஎலவுக்கு ரயில் வராத காலம். அன்று காலை மலைமேல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் செபமாலை (தோட்டத்தாருக்கு அவர்தான் ‘டொக்டர் ஐயா’), கட்டுப்போடும் தம்பையா, சமையல்காரி மாரியாயி, காலில் புண்ணோடு படுத்திருந்த வீரய்யா, அவன் மனைவி ஜெயலெட்சுமி. தாமும் அங்கே இருந்ததாகச் சொல்லும் மற்றவர்களை நம்ப வேண்டாம்.

செபமாலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதுளையிலிருந்து பெரிய டொக்டர் வந்துகொண்டிருந்தார். போன முறையே அவர் எச்சரித்திருந்தார்: “உம்மைக் கண்டு நோயாளிகள் நடுங்குகிறார்கள். இனியும் நடுங்கினால் வேறு ஆளைப் போடுவேன்.”

செபமாலை குடும்பத்தில் வேலையை உதறியவர்கள் உண்டு, விலக்கப்பட்டவர் கிடையாது.

வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தவர், கடைசியில் வீரய்யாவின் அருகே உட்கார்ந்து சிரித்தார்.

“எப்படிப்பா இருக்கே? ராத்திரி நல்லா தூங்கினியா?”

வீரய்யா வெலவெலத்துப் போனான். “அடியே, நான் பொழைக்க மாட்டேன் போல! பக்கத்துக் கட்டில் மூக்கனை, அவன் சாகிற அன்னைக்குத்தான் ஐயா இப்படி விசாரிச்சாரு!”

ஜெயலெட்சுமி மாரில் அடித்துக்கொண்டாள்.

“தம்பையா, நீயும் நல்லதா நாலு வார்த்தை சொல்லேன்,” என்று செபமாலை கிசுகிசுத்தார்.

தம்பையா வீரய்யாவின் கையைப் பிடித்தான். “பயப்படாதே மச்சான். புள்ளைகளை நாங்க பாத்துக்கிறோம்.”

அழுகை இரண்டு மடங்காயிற்று.

“மாரியாயி, நீயாவது ஆறுதல் சொல்லு!”

அவள் கோழிக்குழம்புச் சட்டியோடு வந்தாள். “வேற என்னப்பா ஆசை? இப்பவே சொல்லிடு.”

ஒப்பாரி தொழிலாளர் குடியிருந்த லயம்வரை கேட்டது. வாசலில் குதிரை வந்து நின்றது.

செபமாலையின் பொறுமை அறுந்தது. “மூடுங்க வாயை! புண்ணு கால்லதானே இருக்கு, கழுத்திலயா? திங்கக்கெழம பெரட்டுக்குப் போயி வேலைக்கு நிக்கலேன்னா தோலை உரிச்சிருவேன்!”

வீரய்யா துள்ளி உட்கார்ந்தான். “ஐயா ஏசிட்டாரு! பொழைச்சேன்டி!”

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே வந்த பெரிய டொக்டர் அந்தச் சிரிப்பை மட்டுமே கண்டார். மனம் குளிர்ந்து, செபமாலையின் தோளை மெல்லத் தடவினார்.

“நல்ல மனிதர் ஐயா நீர். இனி ஒரு கவலையும் வேண்டாம். போய் ஓய்வெடும்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. தம்பையா தலைப்பாகையை அவிழ்த்தான். வீரய்யா குழம்புச் சட்டியைச் செபமாலையின் பக்கம் நகர்த்தினான்.

மத்தியானத்துக்குள் துக்கச் செய்தி கடைவீதிக்கு இறங்கிவிட்டது. கடைக்கார ஸலீம் நானா மூச்சிரைக்க மலையேறி வந்தார்.

“டொக்டர் ஐயா மவுத்தாகிட்டாராமே?”

“யாரு சொன்னா?” என்றாள் மாரியாயி, மூக்கைச் சிந்தியபடி. “இன்னும் இல்லீங்க நானா.”